லுத்தரன், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே, அப்புறம் கத்தோலிக்கம்: எதை முதலில் படிப்பது?

சி.எஸ்.ஐ.யிலோ பெந்தெகொஸ்தே சபையிலோ இருந்துகொண்டு கத்தோலிக்கத் திருச்சபையை எட்டிப் பார்க்கிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் மாதாவைப் பற்றித்தான். "மத்ததெல்லாம் சரிக்கா, அந்த மாதா விஷயத்தை எப்படி ஏத்துக்கிட்டீங்க?" அடுத்தது சுரூபம், அப்புறம் உத்தரிக்கிற ஸ்தலம் (இறந்தவர்கள் மோட்சத்துக்கு முன் தூய்மையாகும் நிலை), அப்புறம் போப். இந்த வரிசையில் படிக்கத் தொடங்கினால் வருஷக்கணக்கில் படித்துக்கொண்டே இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் வசனம் இருக்கிறது, இரண்டு பக்கமும் யூடியூப்பில் மணிக்கணக்கில் விவாதம் இருக்கிறது, எதைக் கடைசியாகக் கேட்டோமோ அந்தப் பக்கம் மனசு சாயும். இந்தப் பாடத்தில் கட்டாய வினா என்று ஒன்று உண்டு: ஒரே வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் வேறு வேறாகச் சொன்னால், தீர்ப்புச் சொல்வது யார்? இதற்கு விடை எழுதிவிட்டு மற்றதற்குப் போங்கள்.

நான் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் ஊர் தரங்கம்பாடி. 1706-ல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு கப்பலில் வந்து இறங்கிய ஊர், அதனால் லுத்தரன் என்பது எங்கள் வீட்டில் சபைப் பெயரைவிட ஊர்ப் பெருமை. குழந்தை ஞானஸ்நானம் அங்கே. அப்பாவுக்கு பாளையங்கோட்டைக்கு மாற்றலானதும் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் போனோம், சண்டே கிளாஸ், மனப்பாட வசனம், பாடகர் குழு, திடப்படுத்தல் (குழந்தையில் எடுத்த ஞானஸ்நானத்தை வளர்ந்த பின் உறுதிப்படுத்தும் சடங்கு) எல்லாம் அங்கே. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு விடுதித் தோழி ஒருத்தி ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குக் கூட்டிக்கொண்டு போனாள், அங்கே முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்தேன். வாய்விட்டு ஜெபிக்கக் கற்றுக்கொண்டதும் ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரை விடாமல் வாசித்து முடித்ததும் அங்கேதான், அதையெல்லாம் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது.

தொந்தரவு தொடங்கியது திருவிருந்தில். பாட்டி வைத்திருந்த, 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி லுத்தரின் சிறிய ஞானோபதேசம், அப்பத்தோடும் திராட்சரசத்தோடும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தது. சி.எஸ்.ஐ. என்பது 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கர், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று பல வழிகளிலிருந்து வந்தவர்கள் ஒன்றுசேர்ந்த சபை, ஆகவே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு பதில் வரும். பெந்தெகொஸ்தே சபையில் சின்னக் கப்பில் திராட்சைச் சாறு, "இது நினைவுகூருதல் மாத்திரமே" என்று பாஸ்டர் அழுத்திச் சொல்வார். மூன்று இடத்திலும் காட்டியது அதே வசனம்தான். மூன்று இடத்திலும் நல்ல மனிதர்கள், ஜெபிக்கிறவர்கள். அப்படியிருந்தும் மூன்று பதிலும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு சரித்திரச் சம்பவத்தை அவசியம் படியுங்கள். 1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் லுத்தரும் சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்லியும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். லுத்தர் சாக்பீஸால் மேசைமேல் "இது என் சரீரம்" என்று லத்தீனில் எழுதி வைத்துவிட்டு அதைவிட்டு நகர மறுத்தார். 15 கூறுகளில் 14-ல் ஒத்துப்போனார்கள். பதினைந்தாவது திருவிருந்து, அதில் பிரிந்தவர்கள் பிரிந்தவர்கள்தான். இரண்டு பேருக்கும் மூலமொழி தெரியும், இரண்டு பேரும் வேதமே கடைசி அதிகாரம் என்றவர்கள். வசனம் தெரியாததால் வந்த சண்டையாக இருந்தால் படித்துத் தீர்த்திருக்கலாம், இது அப்படிப்பட்டது இல்லை என்று புரிந்தபோதுதான் எனக்குக் கட்டாய வினாவே கண்ணில் பட்டது.

அதன் பிறகு அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசியுங்கள், இந்த முறை யூதரல்லாத விசுவாசிகளுக்கும் விருத்தசேதனம் வேண்டும் என்று சொன்னவர்களின் பக்கம் நின்று வாசியுங்கள். ஆதியாகமம் 17 அவர்கள் கையில் இருக்கிறது, நித்திய உடன்படிக்கை என்று எழுதியே இருக்கிறது. வசனத்தை மட்டும் வைத்து வாதாடினால் அவர்கள் பக்கம் கொஞ்சம் பலமாகத்தான் தெரியும்! ஆனால் அப்போஸ்தலரும் மூப்பரும் எருசலேமில் கூடிப் பேசி, "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று முடிவு எழுதி அனுப்பினார்கள், சபைகள் அதற்குக் கட்டுப்பட்டன. இப்படி முடிவெடுக்கும் அதிகாரம் அப்போஸ்தலரோடு முடிந்துவிட்டதா, தொடர்கிறதா? நீங்கள் எந்தச் சபையில் இருப்பீர்கள் என்பது இதற்கு நீங்கள் கொடுக்கும் பதிலில் இருக்கிறது. மாதாவும் உத்தரிக்கிற ஸ்தலமும் இதற்குப் பிறகுதான்.

இதே கேள்வியின் இன்னொரு முகம் வேதத்தில் நூல்கள் 66-ஆ 73-ஆ என்பது. தோபித்து, யூதித்து, ஞானம், சீராக், பாரூக்கு, இரண்டு மக்கபேயர் நூல்கள், இந்த ஏழும் எங்கள் வேதத்தில் இருக்கவில்லை. 'ஆர்.சி.க்காரங்க சேர்த்துக்கிட்டாங்க' என்று கேட்டே வளர்ந்தோம். 393-ல் ஹிப்போவிலும் 397-ல் கார்த்தேஜிலும் கூடிய சங்கங்களின் பட்டியலில் இவை இருக்கின்றன, பாரூக்கு மட்டும் தனிப் பெயரில் இல்லை, எரேமியாவோடு சேர்த்து எண்ணப்பட்டது என்பார்கள். அதேசமயம் எதிர்வாதம் வெறும் வாதம் என்று நினைத்துவிடாதீர்கள், வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் மாதிரி ஒரு பெரிய மேதைக்கே இந்த நூல்களைப் பற்றித் தயக்கம் இருந்தது. என்னை அசைத்தது புதிய ஏற்பாடுதான். இன்று நம் கையில் இருக்கும் அதே 27 நூல்களும் மிச்சம் மீதி இல்லாமல் ஒரே பட்டியலாக நமக்குக் கிடைப்பது 367-ல் அலெக்சாந்திரியா ஆயர் (பிஷப்) அத்தனாசியுஸ் எழுதிய கடிதத்தில். அதுவரை எபிரெயர் வேண்டுமா, வெளிப்படுத்தல் வேண்டுமா என்று இடத்துக்கு இடம் பேச்சு நடந்துகொண்டுதான் இருந்தது. அட்டவணையைத் தீர்மானித்த திருச்சபையை நம்பித்தான் நான் 'வேதம் மட்டும்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

படிக்கும் முறை பற்றி. கத்தோலிக்கப் போதனையை உங்கள் பாஸ்டரின் பிரசங்கத்திலிருந்து கற்காதீர்கள், லுத்தர் என்ன சொன்னார் என்பதைக் கத்தோலிக்கப் பேச்சாளர்களிடமிருந்து கற்காதீர்கள். 1992-ல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2865 பத்திகள், அதை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் பாதியில் நின்றுவிடும். 2005-ல் வந்த அதன் சுருக்கம் கேள்வி பதிலாக இருக்கிறது, மொத்தம் 598 கேள்விகள், தினம் கொஞ்சமாக முடித்துவிடலாம், இடறுகிற இடத்தில் மட்டும் பெரிய நூலுக்குப் போங்கள். வேதம் படிக்க 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அந்த ஏழு நூல்களும் உள்ள பதிப்பாகப் பார்த்து. மனப்பாடத்துக்குப் பழைய வேதாகமம்தான் எனக்கு இன்னமும் வருகிறது, அதை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஆதித் திருச்சபைத் தந்தையரை மேற்கோள் தொகுப்பில் படிக்காமல் முழுதாகப் படியுங்கள், சின்னச் சின்னக் கடிதங்கள்தான். இரண்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் ரோமுக்குக் கைதியாகப் போகும் வழியில் ஸ்மிர்னா சபைக்கு எழுதியது, 155 வாக்கில் யுஸ்தீன் ஞாயிறு ஆராதனையை ரோமப் பேரரசனுக்கு விவரித்தது, இந்த இரண்டும் போதும் நற்கருணையை (திருவிருந்தைக் கத்தோலிக்கர் அழைக்கும் பெயர்) பற்றி அன்று என்ன நம்பினார்கள் என்று தெரிய. ஆனால் அங்கே இன்றைய வத்திக்கானை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். ரோம ஆயரின் அதிகாரம் இன்றைய வடிவில் இஞ்ஞாசியாரிடம் இல்லை. இந்த முடிச்சில்தான் நான் நெடுநாள் நின்றேன், போதனை விதையிலிருந்து மரமாவதுபோல் வளரும் என்று ஆங்கிலேய இறையியலாளர் நியூமன் சொன்ன வாதம்தான் கைகொடுத்தது. ஆங்கிலிக்கராக இருந்து அதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, 1845 அக்டோபர் 9 அன்று அவர் கத்தோலிக்கர் ஆனார்.

இரட்சிப்பு விசுவாசத்தாலா கிரியையாலா என்பதில் மாட்டிக்கொண்டிருப்பவர்கள் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையெழுத்திட்ட கூட்டறிக்கையைப் படியுங்கள். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று அது சொல்லவில்லை, ஆனால் நம் ஊர் மேடைகளில் இன்னும் திரெந்து சங்கம் இதைப் பற்றித் தீர்ப்பெழுதிய 1547-லேயே நின்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது தெரியும்.

ஒரு சின்ன விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. 'கத்தோலிக்கர்கள் பத்துக் கற்பனைகளில் இரண்டாம் கற்பனையையே எடுத்துவிட்டார்கள், சுரூபம் வைக்க வசதியாக' என்று பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். தரங்கம்பாடியில் பாட்டியின் தகரப்பெட்டியில், முனை மடங்கிப் பழுப்பேறிக் கிடந்த ஞானோபதேசப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், லுத்தரும் கத்தோலிக்கர்களைப் போலத்தான் எண்ணியிருக்கிறார்: இரண்டாம் கற்பனை நாமத்தை வீணாக வழங்காதே, ஓய்வுநாள் மூன்றாவது. விக்கிரகம் பற்றிய பகுதிக்குத் தனி எண் இல்லை, கடைசியில் இச்சை இரண்டாகப் பிரிந்து பத்து ஆகிறது. சி.எஸ்.ஐ. திடப்படுத்தல் வகுப்பில் நான் ஒப்பித்தது வேறு எண்ணிக்கை. பாட்டி இதைக் கேட்டுவிட்டு, "எப்படி எண்ணுனா என்ன, பத்தையும் கைக்கொள்றவன் எவன்?" என்றார்.

சரி, படித்தாயிற்று, பங்குத்தந்தையைப் பார்க்கப் போகலாம் என்றால் கையில் ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும். தண்ணீரில், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே கொடுத்த ஞானஸ்நானத்தைத் திருச்சபை ஏற்றுக்கொள்கிறது, திரும்பக் கொடுப்பதில்லை. என் விஷயத்தில் செல்லுபடியானது தரங்கம்பாடியில் குழந்தையாக எடுத்ததுதான், சென்னை முழுக்கு கணக்கில் வரவில்லை. 'இயேசுவின் நாமத்தில் மட்டும்' கொடுக்கும் சபையில் எடுத்தவர்களுக்குப் புதிதாகத் திருமுழுக்கு உண்டு, சந்தேகமாக இருந்தால் நிபந்தனையோடு கொடுப்பார்கள். சான்றிதழுக்காக நான் ஊருக்குப் போனபோது, அங்கிருந்த ஐயர் (லுத்தரன் போதகர்) பதிவேட்டை எடுத்து, விரலால் வரி வரியாகத் தேடி, என் பெயருக்கு நேரே நின்று, "எதுக்கும்மா, கல்யாணமா?" என்றார். கத்தோலிக்கத்துக்குப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு எழுதிக் கொடுத்தார், முத்திரையும் வைத்தார்.

சி.எஸ்.ஐ. திடப்படுத்தலைக் கத்தோலிக்கத் திருச்சபை அருளடையாளமாக (சாக்ரமெண்டாக) ஏற்பதில்லை, ஆங்கிலிக்கன் குருத்துவம் பற்றி 1896-ல் போப் 13-ஆம் லியோ எடுத்த முடிவிலிருந்து வருவது அது. ஆகவே உறுதிப்பூசுதல் (திடப்படுத்தலின் கத்தோலிக்கப் பெயர்) உண்டு. கல்யாணமானவர்கள் கவனிக்க: மணமக்கள் இருவருமே அன்று கத்தோலிக்கராக இல்லாமல் சி.எஸ்.ஐ. கோயிலில் முறையாக நடந்த கல்யாணம் செல்லும், மறுபடி தாலி கட்ட வேண்டியதில்லை. ஒருவர் கத்தோலிக்கராக இருந்து அனுமதி வாங்காமல் வெளியே நடந்திருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். முந்தைய கல்யாணம், விவாகரத்து ஏதாவது இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், மறைமாவட்ட நீதிமன்றம் வரை போகும், நாளாகும்.

வகுப்பு எடுத்தது ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர். செபங்கள், திருப்பலிப் பதில்மொழிகள், ஏழு அருளடையாளங்கள் என்று ஒப்பிக்கச் சொன்னார், சண்டே கிளாஸ் புண்ணியத்தில் அது சுலபமாகப் போனது. மனத்துயர் செபத்தை மட்டும் நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள், முதல் பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவதில்) பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகும். ஞாபகம் உள்ளவற்றைச் சீட்டில் எழுதிக்கொண்டு போகலாம். சாட்சி சொல்லிப் பழகிய பெந்தெகொஸ்தேக்காரர்கள் அங்கே போய்ச் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிடுவோம், பாவத்தை மட்டும் சொன்னால் போதும்.

பங்குத்தந்தையோடு நடந்த கடைசிச் சந்திப்பை நான் ஒரு வாய்மொழித் தேர்வாக நினைத்து, 1870-ல் போப்பின் தவறா வரம், 1950-ல் மாதாவின் விண்ணேற்பு என்று அறிவித்த கோட்பாடுகள் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அதையெல்லாம் தொடவே இல்லை. "இந்தப் பங்கிலேயே ஒரு சாமியார் உன் மனசைப் புண்படுத்துற மாதிரி நடந்துக்கிட்டா என்னம்மா செய்வ?" என்று கேட்டார். பெந்தெகொஸ்தேயில் என்றால் பதில் சுலபம், அடுத்த தெருவில் வேறு சபை இருக்கிறது. "அப்பவும் பூசைக்கு வருவேன் ஃபாதர்" என்றேன். "அது போதும்" என்றார்.

இந்தக் கேள்விக்கு நிஜமாகவே தயாராகுங்கள், ஏனென்றால் உள்ளே வந்தால் ஏமாற்றங்கள் உண்டு. பிரசங்கம் பத்து நிமிடம், பல சமயம் சப்பென்று இருக்கும். ஒரு ஞாயிறு வராவிட்டால் போன் செய்து விசாரிக்க ஆள் கிடையாது. நற்கருணை வாங்கிய கையோடு செருப்பைத் தேடிப் போகிறவர்களைப் பார்ப்பீர்கள். சாதி இங்கேயும் உண்டு, கல்லறைத் தோட்டம் வரைக்கும் உண்டு, அது இல்லாத இடம் தேடி வருகிறவர்கள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. வரவேற்புச் சடங்கில் நீங்கள் சொல்லப்போவது ஒரே வாக்கியம்: இறைவன் வெளிப்படுத்தியது என்று கத்தோலிக்கத் திருச்சபை நம்பிக் கற்பித்து அறிவிக்கும் அனைத்தையும் நானும் நம்பி அறிக்கையிடுகிறேன். அந்த 'அனைத்தையும்' என்ற இடத்தில் நாக்கு தடுமாறுமானால் தேதியைத் தள்ளிப் போடுங்கள், பாஸ்கா திருவிழிப்பில்தான் (ஈஸ்டருக்கு முந்தின இரவு ஆராதனையில்தான்) சேர வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை.

அதுவரை பூசைக்குப் போகலாம், நற்கருணை வாங்க வரிசையில் நிற்கக் கூடாது. சேர்ந்த பிறகு உங்கள் பழைய கோயிலிலும் இதே கதைதான், உறவினர் கல்யாணத்துக்கோ ஸ்தோத்திரப் பண்டிகைக்கோ போனால் பாடலாம், ஜெபிக்கலாம், திருவிருந்துக்கு மட்டும் எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருங்கள். அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அசனத்துக்கு எந்தத் தடையும் இல்லை, தாராளமாகப் பந்தியில் உட்காரலாம்.