ஒரு ஆரஞ்சு பலூனுக்கு இவ்ளோ அக்கப்போரா?

புதுச்சேரி கடல்ல டைவ் போறவங்களுக்குத் தெரியும், மேல மீன்பிடி படகு எப்ப வரும்னே சொல்ல முடியாது, எஸ்எம்பி (கீழ டைவர் இருக்கார்னு காட்ட, தண்ணிக்குள்ள இருந்து காத்து ஊதி மேல விடுற நீட்டு பலூன்) விடாம தலைய வெளிய நீட்றது பெரிய ரிஸ்க். நான் முதல்ல வாங்குனது 1 மீட்டர் குட்டி, விலை கம்மின்னு. அலை கொஞ்சம் ஏறுனா யாரு கண்ணுக்கும் படல. இப்ப 1.8 மீட்டர் ஆரஞ்சு, பிரஷர் ரிலீஸ் வால்வு (காத்து அதிகமானா தானா வெளிய விடுறது) வச்சது. மஞ்சள் வேணாம்பா, சில இடங்கள்ல அதுக்கு 'உதவி வேணும்'னு அர்த்தம். பலூன்ல கட்டுற கயித்துக்கு ஃபிங்கர் ஸ்பூல் (விரல்ல மாட்டிப் பிடிக்கிற சின்ன கயிறு உருளை) போதும், கைப்பிடி வச்ச ரீல் அளவுக்கு சிக்காது.

விடுறப்ப தான் கூத்தே. 10 மீட்டர்ல ஊதுன காத்து மேல போறதுக்குள்ள ரெண்டு மடங்கா விரியும், அதனால பாதிக்கு மேல ஊதவே வேணாம். நான் முதல் தடவை ஃபுல்லா ஊதி, கயிறு விரல்ல சுத்தி என்னையும் சேத்து மேல இழுக்க ஆரம்பிச்சுது, பதறிப்போய் மொத்தத்தையும் விட்டுட்டேன், போட்டுக்காரர் பலூன் பின்னாடியே போய்ட்டாரு, நான் வேற பக்கம் மிதக்குறேன்! ஸ்பூல பிசிடில (டைவர் போட்டுக்கிற மிதவை ஜாக்கெட்) மட்டும் கொக்கி போட்டு மாட்டிடாதீங்க. ஊதுறதுக்கு முன்னாடி அண்ணாந்து பாருங்க, மேல வேற டைவர் இருக்கலாம். மேல வர்றதுக்கு முன்னாடி 5 மீட்டர்ல 3 நிமிஷம் நிக்கிற சேஃப்டி ஸ்டாப், கயித்த லேசா டைட்டா பிடிச்சிட்டு சும்மா தொங்குறது இருக்கே, அது தனி சொகம்.