பட்டறைக்கு ஆயுத பூஜை: பொட்டு எங்கே வைப்பது, பொரி எத்தனை படி

நவமிக்கு முந்தின இரண்டு நாளும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வேலை ஓடாது, துடைப்பம்தான் ஓடும். வருஷம் முழுக்க நகர்த்தாத மேசையை அன்றைக்குத்தான் நகர்த்துவார்கள். சேலத்துக் கடைவீதிக்குத் தீபாவளியைவிட இதுதான் சொந்தப் பண்டிகை என்பது என் கட்சி. தீபாவளி வாங்க வருகிறவர்களுக்கு. இது வேலை செய்கிறவர்களுக்கு.

சுத்தம் செய்வதிலிருந்து தொடங்கலாம், நஷ்டமும் அங்கேதான் தொடங்குகிறது. கொலுசுப் பட்டறையில் கூட்டிய மண்ணைக் குப்பையில் கொட்டக் கூடாது. அரம் போட்ட தூளும் வெட்டுத் துணுக்கும் அதில்தான் கிடக்கும். பழைய ஆட்களுக்கு இது தெரியும்; பூஜைக்கென்று கூலிக்கு வந்த பையனுக்குத் தெரியாது. தண்ணீர் விடுவதற்கு முன்னால் உலர்ந்த துடைப்பத்தால் இரண்டு தடவை பெருக்கி, மண்ணை ஒரு டப்பாவில் எடுத்து வைத்துவிட வேண்டும். முதலில் தண்ணீர் ஊற்றினால் வெள்ளி சாக்கடைக்குப் போய்விடும்.

அடுத்தது சந்தனம், குங்குமம். எதன் மேல் வைக்கிறோம் என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். தகடு இழுக்கும் உருளை மேல் ஈரச் சந்தனம் வைத்தால் விடிவதற்குள் துரு பிடிக்கும். அந்தத் துருவின் குழி அப்புறம் இழுக்கிற ஒவ்வொரு தகட்டிலும் பதியும். உருளையின் சட்டத்தில், கைப்பிடியில் வையுங்கள். பட்டடையின் முகத்துக்கும் அரத்தின் பல்லுக்கும் இதே கதைதான். கிரீஸ் பிடித்த இரும்பில் பொட்டு ஒட்டாது, வழியும். முந்தின நாளே துணியால் துடைத்துக் காய விட வேண்டும்.

தராசுத் தட்டில் பொட்டே வேண்டாம். சிலர் பொட்டு வைத்துவிட்டு எடையைப் பூஜ்யமாக்கிக்கொள்வார்கள். சந்தனம் காயக் காய நீர் போய் எடை குறையும், மறுநாள் காட்டுகிற கணக்கு தப்பும். தராசின் பக்கவாட்டில் வைத்தால் சாமிக்கும் குறையில்லை, வெள்ளிக்கும் குறையில்லை.

அம்மாபேட்டை, குகைப் பக்கத் தறிகளுக்கு வேறு கவலை. தறிமரத்துக்குப் பொட்டு வைக்கலாம், குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைப் பூஜைத் தட்டில் வைக்கலாம். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல்தான் பாவு; அதன் பக்கம் குங்குமம் போகவே கூடாது. அதுவும் தறியில் ஓடுவது வெண்பட்டாக இருந்தால் ஒரு சிட்டிகை சிந்தினாலே அந்த வேட்டி இரண்டாந்தரம்தான். மஞ்சள் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் இன்னும் சிவக்கும், சோப்பின் காரம் செய்கிற வேலை அது. பாவை ஒரு பழைய வேட்டியால் மூடிவிட்டுப் பூஜை போடுங்கள். விசைத்தறிக் கூடத்தில் பஞ்சுத் தும்பு தூணிலும் மோட்டாரிலும் ஒட்டியிருக்கும். அதைத் துடைக்காமல் கற்பூரம் ஏற்றுவது நெருப்பைக் கூப்பிடுவது மாதிரி. மெயினை அணைத்துவிடுங்கள், மோட்டாரை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், தீர்த்தமும் தெளிக்க வேண்டாம். பற்றவைக்கும் இடமாக இருந்தால் கேஸ் சிலிண்டரைப் பூட்டி வெளியே எடுத்த பிறகுதான் ஆரத்தி.

வாங்குகிற பட்டியல் பத்து ஆள் பட்டறைக்குச் சொல்கிறேன். பொரி ஆளுக்கு ஒரு படி, வருகிறவர் போகிறவருக்கு ஐந்து படி, ஆக 15 படி. பொட்டுக்கடலை படிக்கு 100 கிராம் வீதம் ஒன்றரைக் கிலோ, வெல்லமும் அதே அளவு. வாழைப்பழம் 30, தேங்காய் 8. ஆளுக்கு ஒரு மூடி கொடுக்க 5 காய், உடைக்கிறபோது அழுகல் வந்தால் கைக்கு 3. எலுமிச்சை, வண்டிச் சக்கரங்களையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். மளிகைக்கு லீ பஜார் போதும்.

பொரியைக் கடைசி நாளில் வாங்குங்கள். ஐப்பசி மழை நெருங்குகிற காற்றில் ஒரு ராத்திரி திறந்து கிடந்தாலே நமத்துவிடும். நமத்தால் தூக்கிப் போட வேண்டாம். வெறும் வாணலியில் சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் புரட்டினால் மறுபடி மொறுமொறுக்கும். பொரி, வெல்லம், பழம் மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. வெல்லம் கசியும், பழம் வியர்க்கும், பொரி குடிக்கும். தனித்தனிப் பொட்டலமாகக் கட்டித் துணிப்பையில் போட்டுக் கொடுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை.

சுண்டலுக்கு ஒரு கிலோ கறுப்புக் கொண்டைக்கடலை, வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். முந்தின ராத்திரி ஊறப்போட வேண்டும். காலையில் செய்து மதியம் கொடுப்பதாக இருந்தால், ஆறின பிறகுதான் தேங்காய்த் துருவல். சூட்டோடு போட்டு மூடினால் பன்னிரண்டு மணிக்கே புளிப்பு வாடை.

பூவுக்கு வ.உ.சி. மார்க்கெட். சாமந்தி இரண்டு நாள் தாங்கும் என்பதால், விலை உச்சிக்கு ஏறும் முந்தின நாளைத் தவிர்த்து அதற்கும் முதல் நாளே வாங்கலாம். பிழிந்த ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், தண்ணீர் தெளித்தால் அழுகும். மல்லிகை அன்றன்றைக்கு. சின்னக்கடை வீதிக்குள் அந்த இரண்டு நாளும் வண்டி கொண்டுபோவது வீண். விடியற்காலையில் நடந்து போய் வாருங்கள். புரட்டாசிச் சனிக்கிழமையும் சேர்ந்துகொண்டால் கோட்டை அழகிரிநாதர் கோயில் கூட்டமும் அந்தப் பக்கம்தான் நெரியும். வாழைக்கன்றைப் பூஜைக்கு முந்தின சாயங்காலம் வாங்கி, அடியை ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் மறுநாள் தலை தொங்காது.

வெண்பூசணி 3 முதல் 5 கிலோ, காம்போடு இருக்க வேண்டும். மேலே முக்கோணமாக ஒரு துண்டு வெட்டி, உள்ளே குங்குமமும் காசும் போட்டு மூடி, மேலே கற்பூரம் ஏற்றி மூன்று சுற்று. உடைக்கிற இடம்தான் வழக்கு. நடுரோட்டில் உடைத்தால் சதையும் விதையும் எண்ணெய் மாதிரி வழுக்கும். பின்னால் வருகிற பைக்குக்குத் தெரியாது, தூறல் விழுந்தால் இன்னும் மோசம். காசு பொறுக்க ஓடுகிற பிள்ளைகள் வேறு. வாசல் ஓரமாக ஒரு சாக்கை விரித்து அதன் மேல் உடைத்து, உடனே சுருட்டி எடுத்துவிடலாம். திருஷ்டி சாக்கிலும் கழியும்.

வண்டி மாலை ஹெட்லைட்டையும் நம்பர் பிளேட்டையும் மறைக்கக் கூடாது. பம்பரில் கட்டிய வாழைக்கன்றை ஊர் சுற்றுவதற்கு முன் கழற்றிவிடுங்கள்.

விஜயதசமி காலையில் மறுபூஜை முடிந்ததும் சுவிட்சைப் போட அவசரப்படாதீர்கள். முதலில் மாலை, நார், நூல் எல்லாவற்றையும் எடுங்கள். பெல்ட்டுக்கும் கப்பிக்கும் நடுவே ஒரு முழ நூல் மிஞ்சினாலும் அச்சில் சுற்றிக்கொள்ளும். கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, இரும்பில் பொட்டு வைத்த இடத்தைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, அப்புறம் மின்சாரம்.

எப்படியும் மூன்று நாலு படி பொரி மிஞ்சும். இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும் வைத்துத் தரும் நம்மூர்த் தட்டுவடை செட்டுக் கடைப் பழக்கத்தில் கைக்குக் கை காரப்பொரியாகப் போட்டுவிடலாம். ஒரு படிக்கு இரண்டு தட்டுவடையை நொறுக்கி, துருவின கேரட்டும் பீட்ரூட்டும் ஒரு பிடி, காரச் சட்னி இரண்டு கரண்டி. பீட்ரூட்டைப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். வெங்காயம் கடைசியில். கலந்தால் ஐந்து நிமிடம்தான் தாங்கும், அதனால் ஆட்கள் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு கலக்குங்கள்.