உகந்தை வழியில் காயா

இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் உகந்தைமலை முருகனிடம் கூட்டம் சேர்வது ஆடியில். காடு வழியே கதிர்காமத்துக்கு நடப்பவர்களும் அந்தப் பருவத்தில்தான் வருவார்கள். நான் சித்திரையில், ஒரு மழைக்குப் பிறகு போனேன். காட்டுச் செடியான காயா பூத்திருந்தது.

பொத்துவிலில் ஆட்டோ பிடித்து, பாணமை தாண்டி, கிரவல் பாதையில் இறங்கினால் இரண்டு பக்கமும் பாலையும் வீரையும் முட்பற்றைகளும்தான். அவற்றுக்கிடையே ஒரு செடியின் கொம்பெல்லாம் நீலமாக இருந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். "ஆனை வாற இடம், கெதியா பார்த்துட்டு வாங்க மனே" என்றார் ஓட்டி வந்த பெரியவர்.

கிட்டப் போய்ப் பார்க்க வேண்டிய பூ இது. இலை இருக்கும் நுனியில் பூப்பதில்லை. இலை உதிர்ந்த பழைய கொம்பின் கணுக்களில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். மொட்டு இளஞ்சிவப்பு. விரிந்தால் நான்கு சின்ன நீல இதழ்கள், எட்டு மகரந்தத் தாள்கள். ஒவ்வொரு மகரந்தப் பையின் முதுகிலும் நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உண்டு. தேனீக்கள் சூழ்ந்து நின்றன. இதழ் உதிர்ந்த இடத்தில் ஊதாக் கிண்ணம் மட்டும் மிஞ்சும். அதுவே பிறகு கருநீலப் பழமாகிப் பறவைகளுக்குப் போகும்.

திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று சிறுவயதிலிருந்தே சொல்லி வருகிறோம். சங்கப் பாடல்களில் இது முல்லை நிலத்துப் பூ. அந்த நிறத்தை நேரில் கண்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

"இது நல்ல வெறகு, நிண்டு எரியும்" என்றார் பெரியவர். உண்மைதான், வைரம் பாய்ந்த மரம். இலையிலும் விசேஷம் இருக்கிறது: அதில் அலுமினியம் செறிந்திருப்பதால், முன்பு சாயவேர்ச் சிவப்பைத் துணியில் பிடிக்கவைக்கக் காயா இலையைச் சேர்த்தார்கள். இலங்கையில் காயாவின் பேரினத்தைச் சேர்ந்த செடி வகைகள் 30க்கும் மேல். பெரும்பாலானவை இந்தத் தீவை விட்டு வேறெங்கும் இல்லாதவை. உலர் காட்டில் வளரும் இந்தக் காயா இந்தியாவிலும் உண்டு.

போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். படம் எடுங்கள், கொம்பை ஒடிக்காதீர்கள். பூ வருவது முதிர்ந்த கொம்பில். ஒடித்துவிட்டால், புதுத் தளிர் வளர்ந்து முற்றும்வரை அந்த இடத்தில் காயா பூக்காது.