இப்போது நான் விடாமல் கேட்கும் ஆல்பங்கள்

யாராவது “இப்ப என்ன கேட்டுக்கிட்டு இருக்கே?” என்று கேட்டால் ஒரு பாட்டின் பெயரைச் சொல்வதுதான் நம் வழக்கம். சினிமாப் பாட்டிலேயே வளர்ந்தவர்கள் நாம். பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி இடையிசை, இன்னொரு சரணம் என்று ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் வடிவம் காதில் ஊறிப்போயிருக்கிறது. நான் கொஞ்ச நாளாக முழு ஆல்பங்களாகத்தான் கேட்கிறேன், முதல் டிராக்கில் தொடங்கி நடுவில் எதையும் தாண்டாமல் கடைசி வரை. அப்படிக் கேட்டதில் மனதை விட்டுப் போகாத சிலவற்றைச் சொல்கிறேன். ஒன்றைத் தவிர எல்லாமே நம் ஊர் இசை வேறோர் ஊர் இசையோடு உட்கார்ந்து பேசியவை. ஃபியூஷன் என்று பெயர் போட்டு வருவதில் பெரும்பாலானவை எனக்கு ஒட்டுவதில்லை. கீழே டிரம்ஸ் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, மேலே தெரிந்த கீர்த்தனை ஒன்றைத் தூவி விட்டிருப்பார்கள், இரண்டு பக்கமும் ஒன்றையொன்று கேட்டிருக்காது. இந்த ஆல்பங்களில் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. 1986இல் வந்தது, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் (Bach) காணிக்கை. இதைத் தெரியாதவர்கள்கூட இதைக் கேட்டிருப்பார்கள், பாலு மகேந்திரா தன் ‘வீடு’ படத்துக்கு இந்த இசையைத்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் படத்தில் அங்கங்கே வருவதைக் கேட்பது வேறு, ஆல்பமாகக் கேட்பது வேறு. இதில் வயலின் வி.எஸ். நரசிம்மன். எத்தனையோ சினிமாப் பாட்டுகளின் இடையிசையில் சில நொடிகள் வந்து நெஞ்சைப் பிசைந்துவிட்டுப் போன அந்த வில், இங்கே அவசரமே இல்லாமல் நிமிடக்கணக்கில் பேசுகிறது.

டிராக் வரிசைக்கே ஓர் அர்த்தம் இருக்கிறது. ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்று ஒரு டிராக், அதற்கு அடுத்தது ‘அண்ட் வி ஹேட் எ டாக்’. பாக்கை வீட்டில் சந்தித்தேன், பிறகு இருவரும் பேசிக்கொண்டிருந்தோம் என்று இரண்டு டிராக் சேர்ந்து ஒரே வாக்கியமாகிறது. ஷஃபிளில் போட்டால் இது போயே போய்விடும். முதலாவதில், தனி வயலினுக்காக பாக் எழுதிய பார்த்திட்டாக்களில் (பல துண்டுகள் சேர்ந்த இசைக்கோவை) மூன்றாவதன் தொடக்கப் பகுதி வருகிறது. அதைத் தனியாகத் தேடிக் கேட்டுவிட்டு இங்கே திரும்பி வந்து பாருங்கள், ராஜா அதன்மேல் என்ன கட்டியிருக்கிறார் என்று அப்போதுதான் முழுசாகத் தெரியும். ‘மேட் மாட் மூட் ஃபியூக்’ கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஃபியூக் என்றால் ஒரு குரல் ஒரு மெட்டைச் சொல்லத் தொடங்கும், அடுத்த குரல் அதே மெட்டை வேறொரு ஸ்வரத்திலிருந்து எடுக்கும், முதல் குரல் நிற்காமல் அதற்கு எதிராக வேறொன்றை வாசித்துக்கொண்டே போகும். முதல் தடவை ஒரே ஒரு குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசி வரை போங்கள். அடுத்த தடவை இன்னொன்றை. பிறகு மொத்தமாகக் கேட்டால், இத்தனை நாள் இதையெல்லாம் கேட்காமலா இருந்தோம் என்று இருக்கும்.

வயலின் பிடித்துப்போனால் அடுத்து எல். சங்கரின் ‘ஹூஸ் டு நோ’. 1980இல் பதிவானது, ஜெர்மனியின் ஈ.சி.எம். இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. மொத்தமே இரண்டு டிராக், எல்பியின் பக்கத்துக்கு ஒன்று. முதல் பக்கம் முழுக்க ராகம் தானம் பல்லவி, கர்நாடகக் கச்சேரியில் விஸ்தாரமாக வாசிக்கிற பெரிய உருப்படி. இதை ஃபியூஷன் என்றே சொல்ல முடியாது, சுத்தமான கர்நாடக சங்கீதம்தான், ஆனால் கருவி புதுசு: இரண்டு கழுத்து, பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலின், சங்கர் தானே யோசித்து உருவாக்கியது. டபுள் பேஸின் அடி ஆழத்திலிருந்து வயலினின் உச்சி வரை அவரால் ஒரே கருவியில் போக முடிகிறது. ராகம் கீழே இறங்கும்போது தரையே கொஞ்சம் தாழ்ந்துபோகிற மாதிரி இருக்கும். மிருதங்கம் உமையாள்புரம் சிவராமன், தபலா ஜாகிர் உசேன். இன்னொருவரும் உண்டு, சங்கரின் அப்பா வி. லட்சுமிநாராயணா. யாழ்ப்பாணத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர், 1958 வன்முறையில் அங்கிருந்து குடும்பத்தோடு கிளம்பி வர வேண்டியிருந்தவர். மகனுக்குக் குருவும் அவர்தான். அந்தக் குடும்பத்தின் கதை தெரிந்த பிறகு என்னால் இந்த ஆல்பத்தைப் பழைய மாதிரி கேட்க முடியவில்லை.

ஒரே அமர்வில் ராகம் தானம் பல்லவி முழுக்க உட்காருவது கஷ்டம் என்கிறவர்கள் ‘சக்தி’ குழுவின் முதல் ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். அதே சங்கர்தான், அங்கே இன்னும் இளைஞர். 1975இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் மேடையிலேயே பதிவு செய்தது, அடுத்த ஆண்டு வெளிவந்தது. மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவில் மின்சாரக் கிட்டாரை அதிரவிட்டுக்கொண்டிருந்த ஜான் மெக்லாஃப்லின், அதை ஓரம் வைத்துவிட்டு, ஒலித்துளையின் குறுக்கே கூடுதல் தந்திகள் கட்டிய அக்கூஸ்டிக் கிட்டாரோடு இவர்கள் நடுவில் வந்து உட்கார்கிறார். விக்கு விநாயக்ராமின் கடம், ராம்நாட் ராகவனின் மிருதங்கம், ஜாகிரின் தபலா. ‘ஜாய்’ தொடங்கும் வேகத்துக்கு நீங்கள் தயாராகவே இருக்க மாட்டீர்கள். அது ஓய்ந்ததும் ‘லோட்டஸ் ஃபீட்’, சின்னது, அமைதியானது. கடைசி டிராக் கிட்டத்தட்ட அரைமணி நேரம். இந்த நடுவில் இருக்கும் சின்னதைத் தனியாகக் கேட்டால் அழகான மெட்டு, அவ்வளவுதான். இரண்டு பெரிய ஓட்டங்களுக்கு நடுவே கேட்டால்தான் அது மூச்சு விட இடம் தருவது புரியும். 2024 டிசம்பரில் ஜாகிர் போன செய்தி வந்தபோது நான் முதலில் போட்டது இதைத்தான். அந்தக் கடமும் தபலாவும் மாற்றி மாற்றிப் பேசிக்கொள்வதைக் கேட்டால் அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வருகிறது.

அப்புறம் முற்றிலும் வேறு திசையில் ஒன்று. அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’, 1971. தலைப்பில் இருப்பவர் கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்து அமெரிக்கா போன சுவாமி சச்சிதானந்தா, 1969 வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர். கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967இல் இறந்தபின் ஆலிஸ் இந்தச் சுவாமியைக் குருவாக ஏற்றுக்கொண்டார். ஆல்பத்தின் பெரும்பகுதி ஆலிஸின் வீட்டு ஸ்டுடியோவில் பதிவானது. தம்புராவும் பேஸும் சேர்ந்து ஒரு சின்ன வட்டத்தையே சுற்றிச் சுற்றி வருகின்றன, அதன்மேல் ஆலிஸின் ஹார்ப், அதற்கும் மேலே ஃபேரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்சஃபோன். ஜாஸ் என்றாலே தலைக்கு மேலே போய்விடும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் தைரியமாகக் கொடுப்பது இதுதான். தம்புரா சுருதியில் வளர்ந்த காதுக்கு இதில் அந்நியமாக எதுவுமே இல்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள், மொபைல் ஸ்பீக்கரில் வேண்டாம், அந்த பேஸ் காதில் விழாவிட்டால் பாதி ஆல்பம் போய்விடும்.

இதைக் கேட்டவர்கள் கானவ்யாவின் ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’ பக்கமும் போகலாம். 2024இல் வந்தது. தமிழ்நாட்டில் வளர்ந்து அமெரிக்காவில் பாடுகிறவர், ஆலிஸ் கோல்ட்ரேனின் தடத்தைத் தன்னுடையது என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார். விஜய் ஐயர், எஸ்பெரான்சா ஸ்பால்டிங் போன்ற ஜாஸ் கலைஞர்கள் உடன் இருக்கிறார்கள். நான் இன்னும் இதற்குள் போய்க்கொண்டிருக்கிறேன். சில இடங்கள் தேவைக்கு மேல் நீளம் என்று தோன்றுகிறது, ஆனால் அந்தக் குரல் கேட்டவுடன் பிடித்து உட்கார வைத்துவிடுகிறது.

நான் இப்போது தேடிக்கொண்டிருப்பது நாகஸ்வரம். சார்லி மரியானோ என்ற அமெரிக்க சாக்சஃபோன்காரர் இந்தியாவுக்கு வந்து நாகஸ்வரம் கற்றுக்கொண்டவர். அவர் பாடகி ஆர்.ஏ. ராமமணியோடும் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடும் 1983இல் செய்த ‘ஜ்யோதி’ அருமையான ஆல்பம், அடுத்து அதைத்தான் எடுத்திருக்கிறேன். ஆனால் நாகஸ்வரமே முன்னால் நின்று, வேறோர் இசையோடு சரிசமமாகப் பேசுகிற முழு ஆல்பம் ஒன்று எனக்கு வேண்டும். கச்சேரிப் பதிவு இல்லை, சினிமாவில் வருகிற துண்டும் இல்லை. உங்களிடம் இருந்தால் பெயரைச் சொல்லுங்கள், இந்த வாரமே கேட்டுவிடுகிறேன்.