ஈரக்காற்றில் ஒரு சுசுகி

சுங்கை சிப்புட், மலேசியா, 2.11.2024, சனி

முறுக்கு தீர்ந்த டப்பாக்கள் மூன்றைக் கழுவி வைத்திருக்கிறேன், சின்னப் பாகங்கள் போட. இன்றுதான் தமியா கம்பெனியின் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்ஆர் பெட்டியைப் பிரித்தேன். பந்தய பைக்கின் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு பிளாஸ்டிக் மாதிரி, பாகங்களை நாமே ஒட்டி வண்ணம் அடிக்க வேண்டும். 2020-இல் ஜோன் மிர் மோட்டோஜிபி உலக பைக் பந்தயப் பட்டம் வென்ற வண்டி, எண் 36. சுசுகிக்கு நூறு வயதான வருடம். 2000-இல் கென்னி ராபர்ட்ஸ் ஜூனியருக்குப் பிறகு சுசுகிக்குக் கிடைத்த பட்டம். அந்த சீசன் முழுக்க மிர் ஜெயித்தது ஒரே ஒரு பந்தயம்தான் என்று இன்னும் நக்கலடிக்கிறார்கள். எனக்கு அந்த மாதிரி ஆளைத்தான் பிடிக்கும், மாதத் தவணை தவறாமல் கட்டுகிறவன் போல. கோவிட் வந்து மலேசியாவின் சிப்பாங் ஓடுதளத்தில் நடக்க வேண்டிய பந்தயம் ரத்தானதால், அந்த வருடம் இந்த வண்டி இங்கே பிப்ரவரி டெஸ்ட்டுக்கு வந்ததோடு சரி.

3.11.2024

சிப்பாங் பந்தயம். முதல் சுற்றிலேயே விபத்து, சிவப்புக் கொடி, மறுபடியும் தொடக்கம். பன்யாயா முதலாவது, மார்ட்டின் இரண்டாவது. 2022 முடிவோடு சுசுகி மோட்டோஜிபியிலிருந்து விலகிப்போனது இன்னும் உறுத்துகிறது.

எஞ்சினை முடித்துவிட்டேன். மேல்கூடு மாட்டினால் பாதி தெரியாது.

6.11.2024

எக்சோஸ், அதாவது புகைக்குழாய். டவுன் பட்டறையில் நின்றிருந்த யமஹா வை15 பைக் ஒன்றின் குழாயைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தேன். எஞ்சின் பக்கம் நீலம், அடுத்து கத்தரிப்பூ நிறம், தள்ளிப் போகப் போக வைக்கோல் மஞ்சள். சூடு குறையக் குறைய நிறம் மாறுகிறது. அதே வரிசையில், கண்ணாடி போன்ற மெல்லிய சாயங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடித்தேன். மூன்று தடவை துடைத்துவிட்டு நாலாவதில் அமைந்தது.

9.11.2024, சனி

வயிறு எரிகிறது. நீலம் அருமையாக விழுந்தது. ஸ்டிக்கர்களை வெந்நீரில் நனைத்து ஒட்ட இரண்டு ராத்திரி. மூக்கின் வளைவில் 36 மடங்காமல் படிந்தபோது மூச்சே விடவில்லை. இன்று மதியம் மேலே பளபளப்பு லேக்கர் அடித்தேன். ஐந்து நிமிடத்தில் வலது பக்கம் முழுக்க பால் ஊற்றியது போல் வெளுத்துவிட்டது. வெளியே மழை, ஈரமானி 88 சதவீதம் காட்டியது. தின்னர் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காரணம் தெரிந்தே அடித்தேன். அவசரம்.

10.11.2024

பக்கத்து வீட்டுத் தாத்தா வாசலில் நின்று பார்த்தார். தோட்டத்துப் புகைக்கூடத்தில் முப்பது வருடம் ரப்பர் சீட்டு காயவைத்தவர்.

“மழையில அடிச்சியா தம்பி?”

“ஆமா தாத்தா.”

“ஈரச் சீட்ட எடுத்தவுடனே பெருஞ்சூட்டுல போட்டா கொப்பளம் விழும். மொத நாளு இளஞ்சூடு. மேல ஜன்னலத் தெறந்து வெச்சு ஈரத்த வெளிய விடணும். அப்புறந்தான் சூட்ட ஏத்தணும்.”

உள்ளே போய், உரித்துப் போட்ட அரிசி குக்கர் அட்டைப் பெட்டியை எடுத்து வந்தார். மேலே நாலு ஓட்டை போட்டோம். கீழே 40 வாட் குண்டு பல்பு, நடுவில் கம்பி வலை. அரை மணி நேரத்தில் உள்ளே 36 டிகிரி, ஈரமானி 53-க்கு இறங்கியது. பிளாஸ்டிக் வளைந்துவிடுமோ என்று நான் கவலைப்பட, “கைய உள்ள விடு, கை தாங்குனா அதுவும் தாங்கும்” என்றார்.

13.11.2024

வெயில். கூட்டைப் பெட்டியில் சூடாக்கி, வெளியே எடுத்து, மெதுவாகக் காயும் தின்னரை மட்டும் பனி மாதிரி தூவினேன். வெள்ளை ஓரத்திலிருந்து கரைந்து உள்ளிருந்த நீலம் எழும்பி வந்தது. தின்னர் வாசம் போகும்வரை பல்பைப் போடவில்லை. அந்த ஆவி தீப்பிடிக்கும். 36 என்ற எண்ணுக்கு அடியில் மட்டும் நகக்கண் அளவு வெளுப்பு மிச்சம். விட்டுவிட்டேன், இன்னொரு தடவை அடித்தால் ஸ்டிக்கர் கரையும்.

24.11.2024

பிரேக் டியூப், கவர், கண்ணாடி. பழைய சார்ஜர் ஒயரைப் பிரித்து எடுத்த செப்பு இழை ஒன்றை எஞ்சின் ஓரம் ஓட்டினேன், யாரும் பார்க்கப்போவதில்லை. முடிந்தது.

தாத்தாவிடம் காட்டினேன். பதினேழு சென்டிமீட்டர் வண்டியை உள்ளங்கையில் வைத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“பின்னால கேரியரே இல்லியே. பால் டின்ன எங்க கட்டுவ?”