தேனீப் பெட்டியில் கடிதங்கள்

போலந்து நகரமான ஷ்விட்னிட்சாவில் பஸ் ஓட்டுநரிடம் மூன்று முறை "க்ஷிஷோவா" என்று சொன்ன பிறகுதான் டிக்கெட் கிடைத்தது. 1945 வரை, இந்தச் சிலேசியா வட்டாரம் ஜெர்மனியோடு இருந்தபோது, இந்த ஊரின் பெயர் கிரைசாவ். அதைச் சொல்லியிருந்தால் நாக்கு இவ்வளவு சிரமப்பட்டிருக்காது. ஆனால் போலந்து பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

1866-இல் ஆஸ்திரியாவை வென்றதற்குக் கிடைத்த வெகுமானத்தில் பிரஷ்யத் தளபதி மோல்ட்கே வாங்கிய பண்ணை இது. போரில் வந்த சொத்து. அவருடைய தம்பியின் கொள்ளுப்பேரன் ஹெல்முட் ஜேம்ஸ் 1907-இல் பிறந்ததும் இங்கேதான். மாளிகையை விட்டு மேட்டிலிருக்கும் சிறிய வீட்டில் அவர் குடும்பம் வாழ்ந்தது. நான் பார்க்க வந்ததும் அந்த வீட்டைத்தான். 1942-லும் 1943-லும் மூன்று முறை நண்பர்கள் இங்கே கூடி, ஹிட்லருக்குப் பிறகு ஜெர்மனி எப்படி இருக்க வேண்டும் என்று பேசினார்கள். அப்படிப் பேசுவதே மரண தண்டனைக்குப் போதுமான குற்றம்.

ஹெல்முட் எழுதிய கடிதங்களை மனைவி ஃப்ரேயா தேனீப் பெட்டிகளில் ஒளித்துவைத்தார். யோசித்து யோசித்து வியக்கிறேன். சோதனை போட வந்து அலமாரியைக் குடைகிறவன், மெத்தையைக் கிழிக்கிறவன், தேனீக் கூட்டத்துக்குள் கைவிடுவானா? கணவர் சிறையிலிருந்தபோது சிறைப் பாதிரியார் ஹரால்ட் போல்சாவ் கடிதங்களை இருபுறமும் ரகசியமாகக் கொண்டுபோனார். 1945 ஜனவரி 23 அன்று பெர்லினில் ஹெல்முட் தூக்கிலிடப்பட்டார். வயது 37.

அதே ஆண்டு ஃப்ரேயா பிள்ளைகளோடு வெளியேறினார். ஊரிலிருந்த ஜெர்மானியர்களும் வெளியேற்றப்பட, போலந்துக்காரர்கள் குடியேறினார்கள். பண்ணை அரசுப் பண்ணையானது, மாளிகை சிதிலமடைந்தது. புதிதாக வந்தவர்களில் பலர், கிழக்கே சோவியத்திடம் சொந்த ஊரைப் பறிகொடுத்தவர்கள். பழைய ஜமீனின் கதையைக் கேட்க அவர்களுக்கு என்ன அவசரம்?

1989 நவம்பர் 12 அன்று, பெர்லின் சுவர் திறந்த மூன்றாம் நாள், மாளிகை முற்றத்தில் நடந்த திருப்பலியில் மேற்கு ஜெர்மன் சான்சலர் ஹெல்முட் கோலும் போலந்துப் பிரதமர் மசோவியெட்ஸ்கியும் தழுவிக்கொண்டார்கள். அந்தப் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். என் கண் போனது கூட்டத்திலிருந்த ஒரு பதாகையின் மேல். சிலேசியாவிலேயே தங்கிவிட்ட ஜெர்மானியர்கள் பிடித்திருந்தது: "ஹெல்முட், நீ எங்களுக்கும் சான்சலர்." ஒரு வருடம் கழித்து, 1990 நவம்பர் 14 அன்றுதான் இரு நாடுகளும் இன்றைய எல்லையை உறுதிசெய்யும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.