63 பேருக்கு 63 வரி

பிப்ரவரி 3, திங்கள்

பாராட்டு விழாச் சான்றிதழ் வேலை இந்த வருடமும் என் தலையில்தான் விழுந்தது. "உங்க கையெழுத்து நல்லா இருக்கும்ல" என்றார் தலைமையாசிரியை. எல்லாமே கணினியில் அச்சாகப் போகிறது, இதில் என் கையெழுத்துக்கு என்ன வேலை என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

பட்டியல் கைக்கு வந்துவிட்டது. நாடகம், பாட்டு, நடனம் எல்லாம் சேர்த்து 27 பேர். விவாதப் போட்டியில் 8 பேர். விளையாட்டில் 28 பேர். மொத்தம் 63. நாயன்மார் கணக்கு!

கணினியில் ஏற்கெனவே ஒரு மாதிரி இருக்கிறது: "போட்டியில் சிறப்பாகப் பங்கேற்றமைக்காக இச்சான்றிதழ் வழங்கப்படுகிறது." பெயரை மட்டும் மாற்றி மாற்றி அடித்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். போன வருடம் அப்படித்தான் முடித்தேன். விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது கீழே நான்கு சான்றிதழ்கள் கிடந்தன. ஒன்றில் பெயரின் ழகரம் ளகரமாகியிருந்தது. அதைப் பேனாவால் அடித்துத் திருத்தியிருந்தார்கள். திருத்திய பிறகும் எடுத்துப் போக மனமில்லை போலும். தப்பாக அடித்தவள் நான்தான்.

அதனால் இந்த முறை ஆளுக்கு ஒரு தனி வரி. அந்தப் பிள்ளை செய்த ஏதாவது ஒரு காரியம் அந்த வரியில் இருக்க வேண்டும். மேடையில் சான்றிதழ் கொடுக்கும்போது அதை வாசிக்கவும் வேண்டும். "21-ஆம் தேதி விழா. முடியுமா?" என்றார் தலைமையாசிரியை. முடியும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பிப்ரவரி 5, புதன்

விளையாட்டுப் பட்டியலில் தொடங்கினேன். பாதிப் போட்டிகளை நான் பார்க்கவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. நோட்டை எடுத்துக்கொண்டு பி.டி. சாரிடம் போனேன்.

"இந்தப் பையன் எப்படி சார்?"

"நல்லா ஓடுவான் மிஸ்."

"இந்தப் பொண்ணு?"

"அவளும் நல்லா ஓடுவா."

ஆறு பேர் வரை இப்படியே போனது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கேள்வி சரியில்லை. "அன்னைக்கு அவன் என்ன பண்ணான்?" என்று மாற்றிக் கேட்டேன். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். நீளம் தாண்டுதலில் ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் முதல் இரண்டு முறையும் பலகைக் கோட்டை மிதித்து ஃபவுல் ஆனானாம். இருந்தது மூன்றே வாய்ப்பு. யாரும் சொல்லாமல், ஓடத் தொடங்கும் இடத்தில் வைத்திருந்த தன் செருப்பை எடுத்து ஓரடி பின்னால் தள்ளி வைத்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறான். அதைச் சார் ஓடியே காட்டினார், மேசைக்கும் பீரோவுக்கும் நடுவில். அந்தப் பையனுக்குப் பரிசு எதுவும் இல்லை, ஐந்தாவது இடம். வரி கிடைத்துவிட்டது.

மாலைக்குள் 9 பேர் முடிந்தது.

பிப்ரவரி 8, சனி

ஒரு சந்தேகத்தில் வருகைப் பதிவேட்டை எடுத்து, விளையாட்டில் முதல் மூன்று இடங்கள் வாங்கியவர்களின் பிறந்த தேதிகளைப் பார்த்தேன். பெரும்பாலும் அந்தந்த வகுப்பிலேயே மூத்த பிள்ளைகள்.

இதை வேறு இடத்தில் படித்திருக்கிறேன். 1985-இல் ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வு செய்தவர்களும் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களுடைய பிறந்த மாதங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். அங்கே வயதுப் பிரிவு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில் நிற்பார்கள். மூத்தது கொஞ்சம் உயரமாக, பலமாக இருக்கும். பயிற்சியாளரின் கண் அதன் மேல் விழும், கூடுதல் பயிற்சி கிடைக்கும், வித்தியாசம் இன்னும் வளரும்.

ஏழு வயதில் ஒரு வருடம் என்பது அந்தப் பிள்ளை இதுவரை இருந்த காலத்தில் ஏழில் ஒரு பங்கு. என் வயதில் அதெல்லாம் கணக்கிலேயே வராது. இரண்டாம் வகுப்பின் கடைக்குட்டி ஒருத்தி 50 மீட்டர் ஓட்டத்தில் கடைசியாக வந்தாள். தன்னைவிடப் பத்து மாதம் மூத்த பிள்ளைகளோடுதான் ஓடியிருக்கிறாள், யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவள் பட்டியலிலேயே இல்லை. 63-ஐ 64 ஆக்கலாமா? ஆக்கினால் 65-ஆவது யார் என்ற கேள்வி வரும். இன்று தூக்கம் வருமா தெரியவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆக்கவில்லை. இப்போதும் அது சரியென்று படவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று விவாதக்காரர்கள். எட்டுப் பேர்தான் என்று அலட்சியமாக இருந்தேன். இவர்களுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

தலைப்பு "வீட்டுப்பாடம் தேவையா?" ஒட்டி நால்வர், வெட்டி நால்வர். ஆளுக்கு இரண்டு நிமிடம். பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து வந்திருந்தார்கள். கேட்டாலே தெரிந்துவிடும்; எட்டு வயதுப் பிள்ளை "சமுதாயக் கண்ணோட்டத்தில்" என்று தொடங்காது. எதிரணி என்ன பேசினாலும் அந்த உரை மாறாது, ரயில் மாதிரி தண்டவாளத்திலேயே போய் நின்றுவிடும்.

நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் நடுவில் நின்றுவிட்டாள். மறந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, நடுவர் குனிந்து ஏதோ எழுதத் தொடங்கிவிட்டார். அப்போது அவள் எதிரணியைப் பார்த்து, "நீங்க சொன்னதுல ஒண்ணு சரிதான். செஞ்சு பார்த்தாத்தான் மனசுல நிக்கும். ஆனா எனக்கு வீட்ல யாரு சொல்லிக் கொடுப்பா? தப்பா செஞ்சு பார்த்தா தப்பு தானே மனசுல நிக்கும்?" என்றாள்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. கேட்பது, ஒப்புக்கொள்வது, ஒப்புக்கொண்ட இடத்திலிருந்தே திருப்பி அடிப்பது. டிவி விவாதங்களில் பெரிய பெரிய ஆட்களுக்கே இது வருவதில்லை. அவள் அணி தோற்றது. நேரம் வீணானதற்கு மதிப்பெண் போயிற்று. விதி அப்படி, நடுவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அவளுக்கு எழுதிய வரி: "எதிரணி சொன்னதைக் கேட்டு, அதில் சரியானதை ஒப்புக்கொண்டு பதில் சொன்னதற்காக."

மற்றவர்களுக்கு என்ன எழுதுவது? "அறிவாளி" என்று எழுதிவிடத் தோன்றும். கையை இழுத்துக்கொண்டேன். கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. வடிவப் புதிர் போட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரைப் புத்திசாலி என்று பாராட்டினார்கள், சிலரை நன்றாக முயன்றாய் என்று. அப்புறம் எல்லோருக்கும் கடினமான புதிர் கொடுத்தார்கள், எல்லோரும் சறுக்கினார்கள். புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள்தான் சீக்கிரம் சோர்ந்தார்கள். தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் அதிகம். பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே, பாவம்.

பிப்ரவரி 13, வியாழன்

நாடகத்தில் மரமாக நின்ற பையனுக்கு என்ன எழுதுவது என்று யாரும் உதவவில்லை. "நின்னான், அவ்வளவுதான்" என்றார்கள். ஒத்திகை வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். 14 நிமிடம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். எட்டாவது நிமிடத்தில் இடது கிளை மெல்ல இறங்குகிறது. சட்டென்று நினைவு வந்து ஏறுகிறது. மறுபடி இறங்குகிறது.

அப்புறம் நாடகம் நடந்த நாள் வீடியோ. அரசனாக நடித்தவன் ஓரிடத்தில் வசனம் மறந்து விழிக்கிறான். ஒலியைக் கூட்டி வைத்தேன். மரத்திலிருந்து அசரீரி வருகிறது! உதடே அசையாமல் முழு வாக்கியத்தையும் எடுத்துக் கொடுக்கிறான். அரசன் பிடித்துக்கொண்டு போகிறான். அந்தப் பையனைக் கூப்பிட்டு, "எத்தனை பேர் வசனம் தெரியும்?" என்று கேட்டேன். "எல்லாருதும்" என்றான். அதில் என்ன இருக்கிறது என்பதுபோல் பார்த்தான். வேறு வேலை இல்லையே, நின்றுகொண்டு கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

44 முடிந்தது. கண் எரிகிறது. ஒரு அப்பா போன் செய்து, தன் மகனுக்கு ஏன் இரண்டாம் பரிசு என்று 20 நிமிடம் கேட்டார். பையன் பின்னால் நின்று "அப்பா, வைங்கப்பா" என்று சொல்வது எனக்குக் கேட்டது.

சக ஆசிரியை ஒருவர், இனி எல்லாப் போட்டிக்கும் முன்கூட்டியே பரிசை அறிவித்தால் நிறையப் பேர் சேருவார்கள் என்கிறார். சேருவார்கள்தான். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலைப் பள்ளியில் செய்த சோதனையைச் சொன்னேன். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் உண்டு என்று முதலிலேயே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் வைத்திருந்து கடைசியில் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், ஆசை காட்டப்பட்ட கூட்டம் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களின் நேரத்தில் ஏறத்தாழ பாதிதான். எதிர்பாராமல் வாங்கிய பிள்ளைகளுக்கு ஒரு குறைவும் வரவில்லை.

"அப்போ நீங்க எதுக்கு மிஸ் இவ்வளவு மெனக்கெடுறீங்க?" என்று கேட்டார். பிள்ளைகளுக்கு இந்த வரிகள் பற்றித் தெரியாது என்றேன். நல்லவேளையாக அது உண்மை.

பிப்ரவரி 18, செவ்வாய்

மிச்சம் இருப்பது ஒன்றுதான், வேண்டுமென்றே தள்ளிப்போட்டது. ஐந்தாம் வகுப்பு 4×50 தொடரோட்டத்தில் நான்காவதாக ஓடிய பெண். மூன்றாவது ஆளிடமிருந்து வாங்கும்போது பேட்டன் கீழே விழுந்து பின்பக்கமாக உருண்டது. மற்ற அணிகள் போய்விட்டன. இவள் திரும்பிப் போய் எடுத்துவந்து, காலியான மைதானத்தில் தனியாக ஓடி முடித்தாள். ஒருவரும் கை தட்டவில்லை. தட்டலாமா கூடாதா என்று எங்களுக்கே தெரியவில்லை.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே 4×100 தகுதிச் சுற்றில் பேட்டனைத் தவறவிட்டன. பெண்கள் அணியில் கடைசியாக ஓடிய லாரின் வில்லியம்ஸ் திரும்பிப் போய் எடுத்துவந்து ஓடி முடித்தார். நான்கு வருடம் கழித்து லண்டனில் அந்த அணி 40.82 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வென்றது. வில்லியம்ஸ் ஓடியது தகுதிச் சுற்றில் என்றாலும் தங்கப் பதக்கம் அவருக்கும் உண்டு.

அதையெல்லாம் மனதில் வைத்து எழுதினேன்: "கைநழுவிய பேட்டனைத் திரும்பிச் சென்று எடுத்து, ஓட்டத்தை முடித்ததற்காக." 63 வரிகளிலும் இதுதான் உசத்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

விழா நன்றாக நடந்தது. மரத்தின் வரியை வாசித்ததும் அரசன்தான் முதலில் எழுந்து கத்தினான். செருப்பைத் தள்ளி வைத்தவனுக்குப் பி.டி. சார் விசில் அடித்தார். ழகரம் ளகரம் எல்லாம் மூன்று முறை சரிபார்த்தது வீண் போகவில்லை. நாற்காலிக்கு அடியில் ஒன்றுகூட இல்லை.

பேட்டன் பெண் மட்டும் சான்றிதழை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

மதிய இடைவேளையில் அவளே வந்தாள்.

"மிஸ், நான் போடல."

"எதை?"

"பேட்டனை. அவ சீக்கிரம் விட்டுட்டா. 'கைநழுவிய'ன்னு எழுதியிருக்கீங்க. படிக்கிறவங்க நான்தான் போட்டேன்னு நெனப்பாங்க."

அந்த வரியை இந்த ஆறு நாளில் எத்தனை முறை படித்திருப்பேன்! யார் கை என்ற கேள்வி எனக்கு ஒரு முறைகூடத் தோன்றவில்லை. என் ரசனைக்கு எழுதியிருக்கிறேன். அதை அவ்வளவு பேர் முன்னால் ஒலிபெருக்கியில் வாசிக்கவும் வாசித்தேன்.

"மாத்தித் தரேன். யாரு விட்டாங்கன்னு எழுதணுமா?"

"ஐயோ, வேணாம் மிஸ். அவளைப் பத்தி எழுதாதீங்க."

"அப்போ நீயே சொல்லு, என்ன எழுதலாம்?"

யோசித்தாள். மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டே, "எல்லாரும் 50 மீட்டர் ஓடினாங்கல்ல? நான் 54 ஓடினேன். அது ரெண்டு மீட்டர் உருண்டுச்சு, போக வர நாலு. அளந்து பார்த்தேன்."

"எப்போ?"

"மறுநாள். பி.டி. சார்கிட்ட டேப் வாங்கி."

அடித்து அச்செடுத்தேன்: "50 மீட்டர் ஓட வேண்டிய இடத்தில் 54 மீட்டர் ஓடியதற்காக." பெயரின் எழுத்துகளை விரல் வைத்துச் சரிபார்த்தாள். தேதியையும் பார்த்தாள். பழையதைக் கொண்டுவந்து கொடுத்துவிடு என்றேன்.

"அதை அம்மா சுவத்துல ஒட்டிட்டாங்க மிஸ். பிச்சா கிழிஞ்சிரும்."

புதியதைக் கணக்கு நோட்டுக்குள் மடங்காமல் வைத்துக்கொண்டு ஓடினாள்.